புது வண்டி பழகிய பெருவழி

புனே நகரின் வடகிழக்கே, ஆளந்திக்குச் செல்லும் சாலையின்மீது அமைந்துள்ளது விஷ்ராந்த்வாடி. அப்பெயரில் உள்ள விச்ராந்தி என்னும் சொல் தமிழர்க்கும் பழகியதே. ஆனால் அங்குக் குடியிருக்கும் தமிழன்பர்களைக் கேட்டால், பெயரில் உள்ள ஓய்வு ஊரில் இல்லை என்றே நகைத்துக் கூறுவர். ஒருபுறம் லோஹகாவ் விமான தளம். மற்றொருபுறம் கட்கியின் படைத்தளவாடத் தொழிற்சாலையும் பொறியாளர் படைப்பிரிவும். ஆண்டுதோறும் ஞானேசுவரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்திற்குப் புறப்படுங்கால், வார்க்கரி அடியார்கள் பல்லாயிரவர் இச்சாலை வழியாகவே புனே நகருக்குள் நடந்து வருகின்றனர். கால்நடையாக வருவோர்க்கு வழிவிட்டு மோட்டார் வண்டிகள் அன்று ஒதுங்கி நிற்கும் காட்சி காணத்தக்கது.

இராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் தளவாடத் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்துப் புனேக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. பிற்காலத்தில் மோட்டார்த் தொழிலையும் கணிப்பொறித் தொழிலையும் நாடி வந்தோர் அவர்களினும் பலர். இக்குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கார் வாங்கினால், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டிய பின்னர், அவ்வண்டியின் முதல் நெடும்பிரயாணம் சொந்த ஊருக்கே, குலதெய்வத்தின் சன்னிதிக்கே செல்ல வேண்டும் என்பதாம். உடனே வீட்டில் ஒரு வாதம் எழும். புது வண்டியை எடுத்த எடுப்பிலேயே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாகாது, என்ஜின் கெட்டுவிடும் என்பார் பெரியவர். அதெல்லாம் அந்தக் காலம், அப்பா என்பான் மகன். இவ்விருவரில் யார் சொல்வது சரி? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், மோட்டார் யந்திரத்தின் வரலாற்றில் ஒரு பகுதியும், புனேயிலிருந்து தென்னாடு நோக்கி வரும் பெருவழியின் வரலாற்றில் ஒரு பகுதியும் நம் கைக்கு வந்து சேருகின்றன.

புது வண்டியைப் பழக்குதல் என்பது யாது? என்ஜினின் சிலிண்டர் உட்சுவரைக் கடைந்து இழைத்து முடித்த பின்னும், அது கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் அதில் வேண்டுமென்றே விடப்படுகின்றன. எண்ணெய் தங்குவதற்கு அவையே இடம். அக்கீறல்களின் முகடுகள் புதிதில் கூராக நிற்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அம்முகடுகளின்மீது மேலும் கீழும் ஓடி ஓடி, அவற்றைத் தேய்த்து மழுக்கி, சுவரும் வளையமும் ஒன்றுக்கொன்று இசைந்து பொருந்தும்படி செய்கின்றன. பொருந்திய பின்னரே எரிவாயு கீழே கசியாமலும் எண்ணெய் மேலே ஏறி எரியாமலும் நிற்கும். இவ்வேலை முடிவதற்குமுன் வண்டியை விரட்டினால் உராய்வின் வெப்பத்தால் உலோகம் உலோகத்தைப் பற்றிக் கீறிவிடும். ஆகவே, தொழிற்சாலையில் தொடங்கிய வேலையின் கடைசிப் பகுதியைச் சாலையில் வாங்கியவரே செய்து முடித்தார் எனலாம். அக்காலத்து வண்டி ஓரளவு அரைகுறையாகவே உரிமையாளர் கைக்கு வந்தது என்று சொன்னாலும் பிழையாகாது.

உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பிரயாணம் இதற்கு நல்ல சான்று. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், கணவரிடம் சொல்லாமலே, தம் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு, சுமார் 106 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டிற்குப் புறப்பட்டார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் அதை வாங்கி ஊற்றினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பியின் ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த பிரேக்கிற்குச் செம்மான் ஒருவரைக்கொண்டு தோல் அடித்தார். மேட்டில் ஏறாத வண்டியைப் பிள்ளைகள் தள்ளினர். மலையேற இன்னுமொரு கியர் வேண்டும் என்ற குறிப்பு அதிலிருந்து கிடைத்தது. புது வண்டியில் பிறந்தகம் செல்ல வேண்டுமென்ற ஆவல் தமிழ்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் இதனால் அறிகிறோம்.

கார்கள் பெருகிய பின்னர்ப் பழக்குதல் ஓர் ஒழுங்காகவே வகுக்கப்பட்டது. முதல் 500 மைல் வரை இன்ன வேகத்தைத் தாண்டலாகாது என்று கையேடுகள் கட்டளையிட்டன. மணிக்கு 30 மைல் என்றும் 45 மைல் என்றும் அது வண்டிக்கு வண்டி வேறுபட்டது. 500 மைல் முடிந்ததும் என்ஜினின் எண்ணெய் முழுவதையும் வடித்துப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்கள் மின்னுவதைப் பட்டறைக்காரர் விரலில் தொட்டுக் காட்டுவர். இங்கிலாந்தில் இத்தகைய வண்டியின் பின்கண்ணாடியில், வண்டி பழகுகிறது, முந்திச் செல்க என்னும் பொருள்பட ஒரு சீட்டு ஒட்டுவது வழக்கமாயிற்று. பின்னால் வருவோரிடம் பொறுமையை வேண்டும் அச்சீட்டை நாகரிகத்தின் ஓர் அடையாளமாகவே நாம் கருதுகிறோம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1953-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த கொள்கையின்படி, இந்நாட்டிலேயே படிப்படியாக வண்டியை உற்பத்தி செய்ய முன்வருவோர்க்கே இடம் என்றாயிற்று. அயல்நாட்டு உதிரிகளை இறக்கி இணைத்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகிய நிறுவனங்கள் விலகின. கார் என்றால் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய்க் குர்லாவின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என மூன்றே வாயில்கள் எஞ்சின. அம்பாசிடரும் பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அவ்வாயில்களின் வழியே வந்தவை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்க்கே வண்டி கிடைத்தது. அவ்வளவு காத்திருந்து பெற்ற பொருளை முதல் வாரத்திலேயே எவர் விரட்டுவர்? கையேட்டின் சொல் வேதவாக்காகப் போற்றப்பட்டதில் வியப்பில்லை.

பம்பாயில் பியட்டு வாங்கித் தெற்கே கொண்டுவருவோர்க்குப் பெருவழி ஒன்றே: புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், தார்வார், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்க்கம், தும்கூர், பெங்களூர். அங்கிருந்து கோலார், சித்தூர், இராணிப்பேட்டை வழியாகச் சென்னை. முன்னாளில் நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை எனப்பட்டது இதுவே. இதில் ஒரு பொருத்தம் உண்டு. புனேயிலிருந்து பெங்களூர் சுமார் 840 கிலோமீட்டர். மைல் கணக்கில் 520. பழக்குவதற்குக் கையேடு கேட்கும் தொலைவும் ஏறத்தாழ அதுவேயன்றோ! புனேயில் புறப்பட்ட புது வண்டி பெங்களூரில் நுழையும்போது பழகிய வண்டியாகிவிடும். அங்கே எண்ணெய் மாற்றிக்கொண்டு எஞ்சிய வழியைச் சற்று விரைந்தே கடக்கலாம். மணிக்கு 30 மைல் கணக்கில், நிற்காமல் ஓட்டினாலும் பெங்களூர் வரையில் பதினேழு மணிக்கு மேலாகும். உணவும் உறக்கமும் சேர்த்தால் இரண்டு நாள், குழந்தைகள் உடன் இருந்தால் மூன்று.

தொலைவைக் காட்டிலும் அச்சாலையின் தன்மையே நாம் கருதத்தக்கது. புனேயை விட்டதும் காத்ரஜ் மலை. வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கி முனகிக்கொண்டு ஏறும். அப்பால் இறங்கும்போது என்ஜின் சுமையின்றிக் குளிரும். நீரா ஆற்றைக் கடந்தால் கம்பட்கி மலை; மறுபடியும் அதே ஏற்றம், அதே இறக்கம். பின்னர்க் கிருஷ்ணை, கொய்னா, பஞ்சகங்கை என ஆறுகளும், அவற்றின்மேல் ஒற்றை வண்டிக்கே இடம் தரும் பழம்பாலங்களும். கராடு முதல் கோலாப்பூர் வரை கரும்பு நாடு. ஆலை ஆடும் பருவத்தில் கரும்பேற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாகச் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும். பின்னால் வரும் மோட்டார் மாட்டின் நடைக்கு அடங்கியே ஊர வேண்டும். நிப்பாணியில் புகையிலை மூட்டைகள். தார்வாரில் பேடா வாங்க நிறுத்தாதவர் இலர். அரிகரில் துங்கபத்திரை. சித்ரதுர்க்கத்தின் பாறைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்து, நெருங்கி, பின்தங்கி மறைய நெடுநேரம் ஆகும். ஒவ்வோர் ஊரிலும் சந்தை, ஆட்டுமந்தை, இரயில்வே கேட்டு.

இத்தனை இடையூறுகளையும் வசைபாடியே அக்காலத்தவர் வண்டி ஓட்டினர். ஆனால் யந்திர நூலறிவு இன்று என்ன சொல்கிறது? பிஸ்டன் வளையங்கள் சுவரோடு பொருந்துவதற்கு, அவற்றின் பின்னே எரிவாயுவின் அழுத்தம் வேண்டும். அவ்வழுத்தம் வண்டி சுமையோடு ஏறும்போதே கிடைக்கும். அழுத்தத்தை அடுத்து ஓய்வும் வேண்டும். இறக்கத்தில் அது கிடைக்கும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுவது பழகாத என்ஜினுக்கு நல்லதன்று. மிக மெல்லச் சுமையேயின்றி ஓட்டினாலோ, சுவரின்மேல் எண்ணெய் மெருகேறிக் கண்ணாடிபோலாகி, வளையங்கள் பொருந்தாமலே நின்றுவிடும். பின்னர் அவ்வண்டி தன் ஆயுள் முழுதும் எண்ணெய் குடிக்கும். ஆதலால் முப்பது மைலைத் தாண்டலாகாது என்ற விதியைத் தாயினும் மிகுந்த பரிவோடு கடைப்பிடித்து, சமதரையில் ஊர்ந்துகொண்டே இருந்தவர் தம் வண்டிக்கு முழு நன்மை செய்தார் அல்லர். காத்ரஜும் கம்பட்கியும் கரும்பு வண்டிகளுமே செய்தன. ஏறி இறங்கி, நின்று புறப்பட்டு, வேகத்தை ஓயாமல் மாற்றச்செய்த அப்பழம்பாதையே புது வண்டிக்கு வாய்த்த நல்லாசான்.

இவ்வழியில் புது வண்டிகளை மிகுதியாகப் பழக்கியவர் எவர்? கார் வாங்கிய செல்வரா? அல்லர். பிறருடைய வண்டியைப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் திரும்பிய கூலி ஓட்டுநர்களே அவர்கள். அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

1945-இல் தோன்றிய டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவோடு ஜம்ஷெட்பூரில் லாரிகளை ஆக்கத் தொடங்கியது. பெர்த்தா அம்மையாரின் குடும்பப் பெயரே இவ்வாறு நம் நாட்டு லாரிகளின் நெற்றியிலும் பல்லாண்டு விளங்கிற்று. பின்னர் 1977-இல் புனேயை அடுத்த பிம்ப்ரித் தொழிற்சாலையிலிருந்தும் அந்நிறுவனத்தின் வாணிப வண்டிகள் வெளிவரலாயின. தமிழ்நாட்டில் 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. 1980-இல் ஓசூரிலும் அதன் தொழிற்சாலை எழுந்தது. இவ்வாலைகளிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி முழு வண்டிகள் அல்ல. என்ஜினும் சக்கரமும் சட்டமும் மட்டும் கூடிய வெற்றுச் சேஸ்களே அவை. அவற்றுக்குக் கூண்டு கட்டும் தொழிலில் பேர்பெற்றவை நம் கொங்கு நாட்டுப் பட்டறைகள்: பேருந்துக்குக் கரூர், லாரிக்கும் டாங்கருக்கும் நாமக்கல். ஆகவே பிம்ப்ரியில் பிறந்த சேஸ், கூண்டு ஏறுவதற்குக் காவிரிக்கரை வரை வர வேண்டியிருந்தது.

எப்படி வந்தது? தன் சக்கரத்தில் தானே உருண்டு வந்தது. புனேயிலிருந்து பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் என ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். ஓட்டுநருக்குத் தலைக்குமேல் கூரையில்லை, பக்கத்தில் கதவில்லை. பல வண்டிகளில் எதிரே கண்ணாடியும் இல்லை. ஸ்டியரிங்கிற்குப் பின்னே தற்காலிகமாகப் பொருத்திய ஓர் இருக்கை, அதன்மேல் ஒருவர். தலையிலும் காதிலும் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். எதிர்க்காற்றில் கண் எரியும். மழை வந்தால் மழையில். சித்ரதுர்க்கத்து வெயிலாயின் அவ்வெயிலில். என்ஜினின் சூடு காலருகே. சாலையின் புழுதி முகத்தில். புதிய என்ஜினாதலால் விரட்டவும் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் மூன்று நாள் கழிந்து நான்காம் நாள்தான் கரூர். இவர்கள் துணைக்குத் துணையாக இரண்டு மூன்று சேஸ்கள் சேர்ந்தே ஓட்டி, கரூரில் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெற்று, ஒரு சிறு பையுடன் வடக்கே செல்லும் பேருந்திலோ இரயிலிலோ ஏறித் திரும்பி, அடுத்த சேஸுக்கு வரிசையில் நின்றனர்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் ஊருக்கு வந்து ஏறும் பேருந்துகளில், அக்கூண்டின் அடியில் உள்ள யந்திரத்தை முதன்முதலில் பழக்கிய கைகள் இத்தகையோருடையவை. தொழிற்சாலைகளை நிறுவியோரின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. கரூர்ப் பட்டறைகளின் பெயர்கள் பேருந்துகளின் முதுகில் எழுதப்பட்டுள்ளன. ஓட்டிவந்தவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இக்குறையை நாம் சிறிதென்று எண்ணவில்லை. முழுமையாகக் கட்டி முடித்த வண்டிகளை ஆலையிலிருந்தே அனுப்பும் வழக்கம் இப்போது வளர்ந்து வருகிறது. ஆயினும் வெற்றுச் சேஸ் ஓட்டம் முற்றிலும் நின்றுவிடவில்லை.

கார்களின் கதை வேறு திசையில் சென்றது. 1983-இல் மாருதி 800 வந்தது. 1998-இல் பிம்ப்ரியில் ஆக்கிய டாடா இண்டிகாவும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆக்கிய ஹூண்டாய் சாண்ட்ரோவும் ஒரே ஆண்டில் அறிமுகமாயின. இவ்வாறு இப்பெருவழியின் இரு முனைகளிலும் கார் ஆலைகள் அமைந்தன. ஆனால் அவற்றின் கார்கள் தம் சக்கரத்தில் வாராமல் பெரிய டிரெய்லர்களில் ஏறியே வருகின்றன. என்ஜினின் உட்சுவரைக் கடையும் முறையும் நுட்பமாயிற்று. கீறல்களின் கூர்முகடுகளை ஆலையிலேயே சீவிவிட்டு, எண்ணெய் தங்கும் பள்ளங்களை மட்டும் விடுகின்றனர். முன்னாளில் உரிமையாளர் 500 மைல் ஓட்டிச் செய்த வேலையின் பெரும்பகுதியை ஆலை திரும்ப ஏற்றுக்கொண்டது. ஆகவே, அதெல்லாம் அந்தக் காலம் என்று விஷ்ராந்த்வாடி மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் பாதி உண்மையே. இன்றைய கையேடுகள் பலவும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அளவிற்கு மிகு வேகமும் முழு அழுத்தமும் வேண்டாம் என்றும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம் என்றும் இன்னும் சொல்கின்றன. புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பொருளின் வழவழப்புத் தேய வேண்டும். புதுப் பிரேக்குக் கட்டைகள் தட்டோடு இசைய வேண்டும். என்ஜினே இல்லாத மின்சாரக் காருக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.

பாதையும் முன்போல் இல்லை. 1999-இல் அடிக்கல் நாட்டிய தங்க நாற்கரத் திட்டத்தின் கீழ் இப்பெருவழி அகன்றது. 2010-இல் எண்ணும் மாறி, தில்லியிலிருந்து சென்னை வரையிலான 48-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாயிற்று. இப்போது அது பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியே செல்கிறது. காத்ரஜிலும் கம்பட்கியிலும் சுரங்கங்கள் குடைந்தாயிற்று. ஊர்களுக்கு வெளியே புறவழிகள். சந்தையும் இல்லை, கேட்டும் இல்லை. ஹூப்ளியைத் தாண்டினால் மணிக்கணக்காக ஒரே வேகத்தில், கால் அசையாமல், சில வண்டிகளில் காலே வைக்காமல், செல்லலாம். முன்னாளில் பாதை தானாகக் கொடுத்த பயிற்சியை இனி ஓட்டுவோரே நினைவு வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

எனவே பெரியவருக்கும் மகனுக்கும் நாம் சொல்லக்கூடியது இது. புது வண்டியில் ஊருக்குச் செல்லலாம், தடையில்லை. காலையில் புறப்பட்டவுடன் விரட்டாமல் என்ஜின் சூடேறும்வரை மெல்லச் செல்க. அரைமணிக்கொரு முறை வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் மாற்றுக. இரண்டு மணிக்கொரு முறை நிறுத்துக. தார்வார்ப் பேடாவும் இருக்கவே இருக்கிறது. முதல் நாள் ஹூப்ளியிலோ தாவணகெரேயிலோ தங்கி, மறுநாள் பெங்களூரைக் கடந்து ஓசூரில் தமிழ் எழுத்தில் ஊர்ப்பலகைகளைக் காணும்போது, மீட்டர் சுமார் 900 கிலோமீட்டரைக் காட்டும். பெரும்பாலான நிறுவனங்கள் முதல் இலவசப் பராமரிப்பை ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டியே வைத்துள்ளன. அதைப் புனேக்குத் திரும்பித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சேலத்திலோ கரூரிலோ அதே நிறுவனத்தின் பட்டறையில் செய்துகொள்ளலாம். கரூரிலாயின், வண்டி அங்கே நிற்கும் இரண்டு மணி நேரத்தில், அருகில் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றின் வாயிலுக்கு நடந்து செல்க. வடக்கேயிருந்து உருண்டு வந்த வெற்றுச் சேஸ் ஏதேனும் அங்கே நின்றாலும் நிற்கும்.